உனக்காக என்று நாங்கள் ஏறெடுத்த ஜெபங்கள்

அன்புள்ள ஜோயல்,

"கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு" என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். அப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே மடித்து வைத்துவிடுவாயோ என்று பயந்து நேராக உன் பெயருக்கே வந்துவிட்டேன். தயவு செய்து முழுவதையும் படி. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடும், நீயும் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். எட்டு வருடமாக நம் பேச்சு இப்படித்தான் முடிகிறது.

நேற்று நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "அம்மா, கல்யாணத்தன்னைக்கு நான் போடி வீட்டுக்கு வரல. முந்தின நாளே கம்பத்துல லாட்ஜ் எடுத்துத் தங்கிட்டு நேரா சர்ச்சுக்கு வந்துர்றேன். நீங்க எல்லாரும் வேன்ல வந்துருங்க. வீட்ல ஜெபம் அது இதுன்னா நான் அங்கன நிக்க மாட்டேன்." நம் ஆட்களில் மாப்பிள்ளை வீட்டை விட்டு இறங்கும் முன் எல்லோரும் முன்னறையில் கூடுவார்கள். தகப்பன் பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார். அதற்குப் பிறகுதான் வேன் கிளம்பும். அந்தக் கை உனக்கு வேண்டாம் என்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லையடா. கோபப்படத் தெம்பும் இல்லை. ஏன் வேண்டாம் என்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாதது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை மாலையும் கழுத்துமாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

இப்போது சாயங்காலம் நாலு மணி. உன் அப்பா கொஞ்சம் கண் அசந்திருக்கிறார். போன வருடம் குரல்வளையை எடுத்ததிலிருந்து அவருக்குக் கழுத்தில் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் மூச்சு. காலையில் எழுந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவ வேண்டும், சளியை எடுக்க வேண்டும், இட்லியை மோரில் கரைத்து மிக்சியில் அடிக்க வேண்டும். பிறகு கடையைத் திறக்க வேண்டும். மலைக்கு ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற ஆட்கள் ஜீப் கிளம்பும் முன்னே தார்ப்பாயும் கயிறும் மழைக்கோட்டும் கேட்டு வந்து நிற்பார்கள். சபையில் பார்க்கிறவர்கள் எல்லாம் "உங்க விசுவாசம் பெருசுக்கா" என்கிறார்கள். எனக்கு இருப்பது விசுவாசமா, ஓடுவதை நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்கிற பயமா என்று எனக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் அரை மணி நேரம் முழங்காலில் நின்று ஜெபிப்பேன். இப்போது "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாளைக்குக் கூட இரும்" என்பதற்கு மேல் வார்த்தை வருவதில்லை.

நம் வீட்டுக் குடும்ப ஜெபம் உனக்கு மறந்திருக்காது. ஏழரை மணி அடித்தால் கடை ஷட்டரை இறக்கிவிட்டு அப்பா வந்துவிடுவார். பாய் விரித்தாக வேண்டும். ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஆளுக்கொரு ஜெபம். அப்பாவின் ஜெபம் போடியில் தொடங்கி உலகத்தைச் சுற்றி வருவதற்குள் உனக்குத் தூக்கமே வந்துவிடும். ரசத்தில் உப்பு கூடிப்போன அன்று, "இந்த வீட்டின் வேலைகளைக் கவனத்தோடு செய்யும் கிருபையைத் தாரும்" என்று ஒரு வரி நடுவில் விழும். அது எனக்கு. உன் அக்கா எஸ்தர் புது சைக்கிள் வேண்டும் என்பதை ஆண்டவரிடம்தான் விண்ணப்பிப்பாள், அப்பாவுக்குக் கேட்கிற குரலில். நீ மட்டும் என்ன, "அம்மாவுக்குப் பொறுமையைக் கொடும்" என்று ஒருநாள் ஜெபித்து என்னிடம் கரண்டியால் வாங்கினாய். அப்போது சிரித்தோம். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் அப்படித்தான் நமக்குள் வந்தது. பதில் பேச முடியாது. ஜெபத்தில் குறுக்கே யார் பேசுவார்கள்?

இனி சொல்லப்போவதுதான் கஷ்டம். நீ இன்ஜினியரிங் கல்லூரிக்கு ஒரு வருடமாகப் போகாமல், ஏ.சி. மெக்கானிக் கடை ஒன்றில் வேலைக்கு நின்றுகொண்டு, எங்களிடம் கல்லூரிக்குப் போவதாகவே சொல்லிக்கொண்டு இருந்தாய். விடுமுறைக்கு வந்தபோது, நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருக்கையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, எனக்கு அந்தப் படிப்பு ஏறல. அப்பாகிட்ட நானே சொல்றேன். ஒரு மாசம் டைம் குடு. நீ யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். நான் உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பக்கத்து அறையில் எஸ்தர் துணி மடித்துக்கொண்டு இருந்தாள். அவளுக்கும் கேட்டது.

சரியாகப் பத்து நாள். ஆலயத்தில் பரிசுத்தவான் மாதிரி நிற்கிற முதியவர் ஒருவர் அப்பாவிடம் கடைக்கு வந்து, "கவலைப்படாதீக அண்ணாச்சி, பையனுக்காக நாங்கல்லாம் ஜெபிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். படிப்பு போனா என்ன, ஆண்டவர் வேற வழி காட்டுவாக" என்றாராம். கடையில் வாடிக்கையாளர் நாலு பேர் நின்றிருந்தார்கள். சொந்தப் பிள்ளையைப் பற்றித் தகப்பனுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அந்த அவமானத்தோடு அவர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று நம் வீட்டில் ஜெபக்கூட்டம். முப்பது பேர் முன்னறையிலும் படியிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். முடிவு ஜெபத்தை அவர் எடுத்தார். மைக் வேண்டாத குரல் அல்லவா, பஜார் முனை வரைக்கும் கேட்டிருக்கும். "பெற்றவர்களை ஒரு வருஷமாய்ப் பொய் சொல்லி ஏமாற்றின இந்த மகனை, வழி தப்பின இந்த ஆட்டை, நொறுக்கும் கர்த்தாவே. மனம் கசந்து அழப்பண்ணும்" என்றார். கூட்டம் முழுக்க ஆமென் சொன்னது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னது நான்தான். நான் கண்ணைத் திறந்தபோது நீ இருந்த இடம் காலியாக இருந்தது.

எஸ்தர்தான் சொல்லிவிட்டாள் என்று நீ முடிவு கட்டினாய். அவள் ஒருத்திதான் கேட்டாள், வேறு யார் சொல்லியிருக்க முடியும் என்று. அவள் கல்யாணத்துக்கு விருந்தாளி மாதிரி வந்து கை குலுக்கிவிட்டுப் போனாய். அவள் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோது வரவே இல்லை.

அவள் சொல்லவில்லை ஜோயல். நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் விண்ணப்பம் கேட்பார்கள். ஒருத்தி மகளுக்கு வரன், ஒருத்தி புருஷனுக்குச் சர்க்கரை. என் முறை வந்தது. "என் பையனுக்காக ஜெபிச்சுக்கங்க, படிப்பை விட்டுட்டான், அவுக அப்பாவுக்கு இன்னும் தெரியாது" என்று கொட்டிவிட்டேன். ஜெபத்துக்காகத்தானே சொன்னோம், இது ஊர்வம்பு இல்லையே என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஆறுதல், அந்த "ஐயோ அக்கா" என்கிற சத்தம், அதெல்லாம் எனக்கு வேண்டியிருந்தது. உன் ரகசியத்தைக் கொடுத்து அதை வாங்கினேன். எஸ்தருக்கு அது அந்த வாரமே தெரியும். என்னிடம் வந்து, "நீயே தம்பிகிட்டச் சொல்லும்மா. நான் சொன்னா உன்னயக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும்" என்றாள். அப்புறம் சொல்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்று எட்டு வருடத்தை ஓட்டிவிட்டேன். ஒரு பிள்ளையின் வாயைக் கட்டி வைத்து, இன்னொரு பிள்ளையின் நல்லெண்ணத்தைக் காப்பாற்றிக்கொண்ட தாய் நான். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. கேட்கத்தான் செய்கிறேன்.

பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொடாத மனுஷனுக்குத் தொண்டையில் புற்று என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். ஆண்டவர்மேல் கோபம். கோயம்புத்தூரில் இருந்து நீ அன்றைக்கே பஸ் ஏறி வந்தாய். மதுரை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் நீயும் அக்காவும் முறை வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஒருவர் போக ஒருவர் வருவீர்கள், பிளாஸ்க் மட்டும் கை மாறும், பேச்சு இருக்காது. அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மறுநாளோடு குரல் போய்விடும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். "ஜெபம் பண்ணிருவோம்" என்றார் அப்பா. நீ டீ வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனாய். ஜெபம் என்ற சொல்லைக் கேட்டால் உனக்கு எப்போதும் வெளியே ஒரு வேலை வந்துவிடும், நான் குற்றம் சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். "தம்பி வரட்டும்" என்றார். கால் மணி நேரம் ஆனது. "இன்னும் வரலயாத்தா?" என்று எஸ்தரிடம் கேட்டார். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கேன்டீன்ல கூட்டம்ப்பா" என்றாள். நீ தாழ்வாரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள், அப்பாவிடம் சொல்லவில்லை. கடைசியில் அவர் ஜெபித்தார். பக்கத்துக் கட்டில்காரர், டாக்டர், வார்டு கூட்டுகிற அம்மா, நம் கடைக்கு அடுத்த பூட்டுக்கடை முத்தையா அண்ணன் வரைக்கும் பெயர் சொல்லி ஜெபித்தார். உன் பெயர் மட்டும் வரவில்லை. அதுதான் அவர் வாய் திறந்து செய்த கடைசி ஜெபம். உன் பெயரை ஏன் எடுக்கவில்லை என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பயமா இருந்துச்சு. திரும்பத் தப்பாச் சொல்லிருவேனோன்னு" என்று நோட்டில் எழுதிக் காட்டினார்.

அந்த நாட்களில் எங்களைத் தாங்கியது எது என்று கேட்டால், ஒன்றும் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. குரல் போனது போனதுதான். முத்தையா அண்ணன் தினமும் நம் கடையைத் திறந்து மூடினார். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் அப்பா பெயரில் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்து, "கோவிச்சுக்காதீக தங்கச்சி, எனக்குத் தெரிஞ்ச சாமிகிட்டத்தான நான் கேக்க முடியும்" என்றார். பழைய அப்பாவாக இருந்தால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பார். இப்போது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சபையில் இருந்து பெண்கள் முறை போட்டுக் கஞ்சி கொண்டு வந்தார்கள், என்னை எதுவும் விசாரிக்கவில்லை, தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் பேசாமல் இருந்ததில்தான் ஆண்டவர் எனக்குப் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. நாங்கள் சத்தம் போட்டுக்கொண்டு இருந்த அத்தனை வருடமும் அவருக்குப் பேச இடமே கொடுக்கவில்லையோ என்னவோ.

வீட்டுக்கு வந்த பிறகு ஏழரை மணிக்குப் பாய் விரித்தேன். பழக்கம் விடவில்லை. அப்பா ஜெபத்தை நோட்டில் எழுதுவார், நான் வாசிப்பேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டு இருந்தது. உனக்குப் பெண் பார்த்தாகிவிட்டது, நீயே பார்த்துக்கொண்டாய் என்று தெரிந்த அன்று அவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். நாலு வரி வாசித்தேன். ஐந்தாவது வரியில் மறுபடியும் அதே ராகம், "பெற்றோரின் ஆலோசனையைத் தள்ளின" என்று. நான் நிறுத்திவிட்டேன். நாற்காலிக் கையைத் தட்டினார், வாசி என்று. முப்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் அவர் ஜெபத்துக்கு நான் குறுக்கே நின்றதில்லை. அன்று, "இத வாசிக்க மாட்டேன். இது ஜெபம் இல்ல. அவன் இங்கன இல்லாதப்பயும் அவன அடிக்கிறீக. ஒருதரம் ஆமென் சொல்லித்தான் பிள்ளையத் தொலைச்சேன், இன்னொருதரம் சொல்ல மாட்டேன்" என்று நோட்டை மூடி வைத்தேன். விண்ணப்பம் கொடுத்த கதையையும் அப்போதே அவரிடம் ஒப்புக்கொண்டேன். அதுவரைக்கும் அவருக்கும் அது தெரியாது.

மூன்று நாள் அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. சாப்பாடு வேண்டுமா என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான். மனுஷன் ஒரேயடியாக ஒடுங்கிவிட்டாரோ என்று பயந்துபோனேன். நாலாம் நாள் ஏழரை மணிக்கு நான் பாய் விரிக்கவில்லை. அலுத்துவிட்டது. அவரே எழுந்து விரித்தார், நோட்டைத் தேடி எடுத்தார். "அவனுக்காக எப்படி ஜெபிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீ சொல்லு" என்று எழுதி நீட்டினார். எனக்கும் தெரியவில்லையே! இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் தேம்பினால் சத்தம் வராது, கழுத்து ஓட்டையில் இருந்து காற்றுதான் வரும். நான் துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் உண்மையாகவே சேர்ந்து ஜெபித்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வார்த்தைகூட இல்லை.

நாளைக்கு உனக்கும் ஒரு வீடு அமையும். பாய் விரிப்பதும் விரிக்காததும் உன் விருப்பம், உன் மனைவி விருப்பம். நான் கணக்குக் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள்மேல் உனக்கு ஒரு குறை இருந்தால் அவளிடம் சொல். சண்டை போட்டாலும் சரி, கண்ணைத் திறந்துகொண்டு போடு. ஆண்டவரை நடுவில் நிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்து கல்லெறியாதே. உனக்கு ஒரு பிள்ளை வந்து காதில் ஒரு விஷயம் சொன்னால், அதை விண்ணப்பமாகக்கூட வெளியில் கொண்டு போகாதே. கஷ்டம் வரும், வராமல் இருக்காது. அப்போது வார்த்தை கிடைக்கவில்லை என்றால் சும்மா பக்கத்தில் உட்கார், அதுவும் அவருக்குக் கேட்கும். அப்புறம், அக்காவுக்கு ஒரு போன் போடு. உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். "அவனாப் பேசட்டும்மா, நீ ஒண்ணும் அவனப் போட்டுப் படுத்தாத" என்றாள். எட்டு வருடம் கழித்தும் உனக்குத்தான் பரிந்து பேசுகிறாள்.

நீ லாட்ஜில் இருந்து வருவதாகச் சொன்னதை நேற்றே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறைத்து மறைத்து எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டார். இன்று காலையில் கடைக்குப் போகாமல் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினார். கல்யாணத்தன்று உன் தலையில் கை வைத்துச் செய்ய வேண்டிய ஜெபம். நாலு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவதாக எழுதியது. "இத மொதல்ல அவனுக்கு அனுப்பு. அவனுக்குப் பிடிக்காத வரி எதுன்னாலும் அடிச்சுரட்டும். மிச்சத்த எஸ்தர் வாசிக்கட்டும்" என்று கூடவே ஒரு சீட்டு. அந்தப் பக்கத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை, சத்தியமாக. அது உனக்கும் அவருக்கும்.

மதியம் கஞ்சி குடித்துவிட்டுப் படுக்கப் போனவர் திரும்பி வந்து சீட்டைக் கேட்டு வாங்கினார். அடியில் இன்னும் இரண்டு வரி எழுதினார். அதையும் பார்த்தேன். அப்படியே தருகிறேன்:

"முழுசையும் அடிச்சாலும் பரவாயில்ல. தலையில கைய மட்டும் வச்சுக்கிரலாமான்னு கேட்டுச் சொல்லு."

கேட்டுவிட்டேன் ராசா.

உன் அம்மா